மைனாவுக்கு வந்த மூன்று சோளமணி

ஒரு வரிகூடப் பாடத் தெரியாத குரங்கு ஒன்று, பறவைகளின் பாட்டையெல்லாம் தன் ஆலமரப் பொந்து வழியாகக் காடு முழுக்கக் கேட்க வைத்தது. கேட்பவர்கள் தினமும் ஆளுக்கொரு சோளக்கதிர் கொடுக்க வேண்டும். பாடுகிறவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

மைனாவின் பங்காக அந்த மாதமும் மூன்று சோளமணிதான் வந்தது. கூட்டில் பசியோடு நான்கு குஞ்சுகள். இனிப் பாட்டே வேண்டாம், இரை தேடுவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போக அது மரத்தடிக்கு வந்தது.

அங்கே கதிரோடு நின்ற எருமை, "என்னம்மா, நான் தினம் கொடுக்கிற கதிர் குஞ்சுகளுக்குப் போதுமா? உன் பாட்டைத் தவிர வேறெதையும் நான் கேட்பதில்லை" என்றது.

"உங்கள் கதிரா? என் கண்ணிலேயே படவில்லையே, அண்ணே."

குரங்கு மென்றுகொண்டே சொன்னது: "எல்லாக் கதிரும் ஒரே குவியல். பாதி எனக்கு. நிறையப் பேர் கேட்பது மயிலை, அதனால் மீதியில் பெரும்பங்கு மயிலுக்கு."

"மயில் கத்துவதற்கா நான் இத்தனை நாள் தீனி போட்டேன்?" என்ற எருமை, கதிரை மைனாவின் முன்னால் போட்டது. "நாளையிலிருந்து என் முதுகில் உட்கார்ந்து பாடு. நான் மேயும்போது கிளம்புகிற வெட்டுக்கிளியும் உனக்குத்தான்."

மறுநாள் மத்தியானமே குஞ்சுகள் வயிறு நிறைந்து தூங்கிவிட்டன. மைனா எருமையின் முதுகில் பாடிக்கொண்டே இருந்தது. எத்தனை பேர் கேட்டார்கள் என்று அது எண்ணவில்லை.