பிரவுன் அண்ணனின் செங்கல்

பிரவுன் அண்ணன் மேடை ஏறியதுமே கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கடவுளே, இந்த வருஷமும் எங்க மானத்தைக் காப்பாத்து" என்று அவர் உதடு முணுமுணுத்தது. பக்கத்து நாற்காலியில் அவர் கூட்டிவந்திருந்த கண்ணாடிக்காரர், யாரோ சொந்தக்காரர் போலிருக்கிறது, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், போன ரெண்டு வருஷமும் உடையல. அவருக்கு இல்லாத நடுக்கம் இவங்களுக்கு" என்று பின்வரிசையில் ஒருவர் உச்சுக் கொட்டினார்.

கராத்தே வகுப்பில் வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை இப்படித்தான். ஒவ்வொருவராக மேடைக்குப் போய், இந்த வருடம் என்ன கிழித்தோம், அடுத்த வருடம் என்ன கிழிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஒரு செங்கல்லை உடைக்க வேண்டும். கல்லை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். அதனால் அந்த வாரம் முழுக்க ஊரில் இடிந்த சுவர் எங்கே இருக்கிறது என்று மாணவர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு அலைவார்கள்.

முதலில் லாரி டிரைவர் போனார். "இந்த வருஷம் ரோட்டுல ஒருத்தரையும் கெட்ட வார்த்தையில திட்டல மாஸ்டர். அடுத்த வருஷம் மனசுக்குள்ளயும் திட்டக் கூடாதுன்னு இருக்கேன்" என்றார். அவர் கல் ஒரே அடியில் இரண்டானது. தும்மியிருந்தாலே உடைந்திருக்கும், அப்படி ஊறிய கல்.

அடுத்து டீச்சர். "இந்த வருஷம் என் கால் இடுப்பு உயரத்துக்கு வந்துடுச்சு. அடுத்த வருஷம் தோள் உயரம்."

"யாரோட தோள்?" என்றார் மாஸ்டர்.

"ஹெட்மாஸ்டரோடதுதான்."

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் டீச்சரும் கல்லை உடைத்துவிட்டார்.

இப்போது பிரவுன் அண்ணன். மூன்று வருடமாகப் பிரவுன் பெல்ட்டைத் தாண்டாததால் வகுப்பு வைத்த பெயர் அது. மற்ற நாட்களில் மூன்று ஓடுகளை அடுக்கிவைத்து ஒரே வெட்டில் நொறுக்குகிற மனிதர், இந்த ஒரு நாளில் மட்டும் கோட்டை விடுவார். கூட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை ஓடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தார்கள்.

"இது மூணாவது வருஷம். இன்னைக்கும் உடையலன்னா கறுப்பு பெல்ட் பேச்சையே எடுக்கக் கூடாது, சரியா?" என்றார் மாஸ்டர்.

பிரவுன் அண்ணன் தலையாட்டிவிட்டுத் துண்டைப் பிரித்தார். குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்குவதுபோல் கல்லை வெளியே எடுத்தார். நல்ல சிவப்பு, ஓரம் கொஞ்சம்கூடச் சிதையாத கல். லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, கொஞ்சம் ஊறின கல்லா பாத்துப் பொறுக்கிட்டு வரக் கூடாதா? எங்கிட்ட ரெண்டு இருக்கு, தரட்டுமா?"

"வேணாம் தம்பி. என் கல்லே போதும்."

இரண்டு சிமெண்ட் கட்டைகளுக்கு நடுவே கல்லை வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "இந்த வருஷம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து உழைச்சிருக்கேன். ஒரு நாள்கூட லீவு போடல. பலன் உங்க கண்ணு முன்னாடி தெரியும்."

கத்திக்கொண்டே ஓங்கி அடித்தார். கல் கணீரென்றது. அவ்வளவுதான். இரண்டாவது அடியில் கட்டைகள் நகர்ந்தன. மூன்றாவது அடிக்கு அவர் உள்ளங்கை ஓரம் கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டது.

"முழு பலத்தையும் போட்டீங்களா?" மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"சத்தியமா போட்டேன் மாஸ்டர்."

"பலம் கையில இல்லய்யா, இடுப்புல இருந்து வரணும். தள்ளுங்க, நான் காட்டறேன்."

மாஸ்டர் காட்டினார். கல் மறுபடியும் கணீரென்றது. மாஸ்டர் சிரித்த முகத்தோடு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

"பெல்ட் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம். அடுத்த வருஷத்துக்கு என்ன இலக்கு, அதைச் சொல்லுங்க."

"இதைவிடக் கெட்டியான கல்லோட வரேன் மாஸ்டர்!"

இப்படியும் ஒரு விடாமுயற்சியா என்று கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. பிரவுன் அண்ணன் கல்லைத் துடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினார்.

கீழே அவர் மனைவியின் கண்ணில் நீர் கோத்திருந்தது. டீச்சருக்கு மனசு தாங்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்கக்கா. அடுத்த வருஷம் கண்டிப்பா உடைஞ்சிடும்."

"ஐயையோ டீச்சர், உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பதறிய மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் பெருமையாகத் திரும்பினார்.

"பாத்தீங்கல்ல இன்ஜினியர் சார், எங்க சூளைக் கல்லை?"