கைக்குட்டைக்குள் ஒரு சாவி

கண் திறந்தபோது அவள் கையில் ஒரு சாவி இருந்தது.

கூடத்து ஜமுக்காளத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கு அடியில் யாருடைய துண்டோ மடித்து வைக்கப்பட்டிருந்தது. காபித் தட்டு கவிழ்ந்து, பட்டுப்புடவை முழுக்கக் காபி.

வந்துவிட்டுப் போயிருக்கிறது.

வராமல் என்ன செய்யும்? மாத்திரை போட்டால் முகம் தூங்கி வழியும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டாமா என்று மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்தது அம்மாதான்.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க. வெறும் மயக்கந்தான்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

முழுப் பூசணிக்காய். கொஞ்சம் சோறு.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மயக்கம் இல்லீங்க. வலிப்பு. எட்டாவது படிக்கறப்ப இருந்தே இருக்குது. மாத்திரை போட்டா வராது. நீங்க வர்றீங்கன்னு நிறுத்திட்டாங்க."

"தாரணி, பேசாம இரு கண்ணு."

இத்தனை வருஷம் பேசாமல்தான் இருந்தாள். சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. பசிகூட எடுத்தது.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கல்யாண விஷயமுங்க. இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கோணும். மறைச்சது தப்பு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையில் பீரோ சாவிக்கொத்து இருந்தது. மகளுக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள்.

கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பார்கள். நிற்காது. அதுவாக வரும், அதுவாகப் போகும். பேர் மட்டும் இரும்புக்கு.

ஆனால் அம்மாவின் சாவி அம்மா கையிலேயே இருந்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள்.

பழங்காலத்துக் கதவுச் சாவி. ஒரு சாண் நீளம். பூட்டைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். ஆனால் துரு இல்லை. பிடித்துப் பிடித்துப் பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. கூடவே அதைச் சுற்றி வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டை.

வந்தவர்களின் கார் சாவி டீப்பாய் மேல் கிடந்தது.

மாப்பிள்ளையின் அக்கா எழுந்தாள். சித்தப்பா எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழவில்லை. அவர் மடியில் கைப்பை ஜிப் திறந்தபடி இருந்தது. அவர் கண் சாவியை விட்டு நகரவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் பூ கொண்டு வருவார்கள். பழம் கொண்டு வருவார்கள்.

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அதுவரை யாரும் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை. நல்ல சட்டை. பளிச்சென்ற முகம். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

எழுந்து அவனிடம் போனாள். கால் கொஞ்சம் தள்ளாடியது, போனாள். சாவியைக் கைக்குட்டையில் சுற்றி நீட்டினாள்.

"நீங்க இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு இவளைப் பார்த்தான். இல்லை என்று தலையசைத்தான்.

"அம்மா," என்றாள் அவள். "ஒளிச்சு வச்ச டப்பாவை எடுங்க. தண்ணி ரெண்டு டம்ளர் கொண்டாங்க. இவங்களுது இவங்கம்மா பையிலதான் இருக்கும்."