சாயும் பெஞ்சு

மாலை வெயில் கம்பி ஜன்னல் வழியாக ஏழாம் வகுப்புக்குள் கோடு கோடாக விழுகிறது. அடுத்த ஆண்டு பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று பேச வந்த பெற்றோர்கள், முழங்கால் மேசையில் இடிக்க, பிள்ளைகளின் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் மட்டும் இரண்டே பேர்: ஒரு முனையில் வெல்டர்; மறுமுனையில் புது அடுக்குமாடியிலிருந்து வந்திருக்கும் பல் டாக்டர். கால்கள் இரண்டையும் நடுப்பக்கமாக நெருக்கி வைத்த பெஞ்சு அது. ஒரு முனையில் மட்டும் ஆள் இருந்தால் சாய்ந்துவிடும். “எங்க பசங்களுக்குத் தனி செக்‌ஷன் போட்டுடுங்க. பெயின்ட், ஃபேன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்,” என்கிறார் டாக்டர், தலைமையாசிரியையை மட்டும் பார்த்து. “ஏன் சார், எங்க பசங்க மூச்சு பட்டா உங்க பசங்களுக்கு ஒட்டிக்குமா?” வெல்டர் விருட்டென்று எழுகிறார். பெஞ்சு சாய்கிறது. டாக்டர் சறுக்கிக்கொண்டே போய்ப் பொத்தென்று தரையில் விழுகிறார். யாரும் சிரிக்கவில்லை; கை கொடுக்கவும் இல்லை. அவரே எழுந்து பேன்ட்டில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிடுகிறார். “வேணும்னே பண்றீங்க.” “அப்படியே வச்சுக்குங்க.” தலைமையாசிரியை டஸ்டரால் மேசையை ஓங்கித் தட்டுகிறார். வெள்ளைத் தூள் வெயிலில் எழும்பி, அவசரமில்லாமல் இறங்குகிறது. “ரெண்டு பேரும் உக்காருங்க முதல்ல!” வெல்டர் பெஞ்சைப் பார்க்கிறார். டாக்டர் வெல்டரைப் பார்க்கிறார். உட்கார்ந்தால் சேர்ந்துதான் உட்கார வேண்டும். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு முனையில் நிற்கிறார்கள்.