கனம் பார்த்து வாங்கிய பெட்டி

டீ குடித்து முடிப்பதற்குள் பதில் சொல் என்று சொல்லிவிட்டு, அப்துல் ஹமீத் மேஸ்திரி கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்கு ஆள் வேண்டுமாம். நாளைக் காலையே வர வேண்டுமாம்.

காசியிடம் பதில் தயாராக இருந்தது. அவன் என்ன, வேலையில்லாமலா உட்கார்ந்திருக்கிறான்? ஆம்பூர் பஜாரில் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறவன். இதோ, உள்ளே கோபி கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறான். அடுத்து இன்னும் இரண்டு பேர் வருவார்கள். மூவரும் ஞாயிறு தவறினதில்லை.

குழி வேலை அவனுக்குப் புதிதல்ல. ஊறின தோலை இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் ஓட்டை விழுந்தவன். ஒரு வருஷம் முழுக்க பெண்டாட்டி அமிர்தவள்ளிதான் சோறு பிசைந்து ஊட்டினாள்.

அப்புறம் செலக்‌ஷன் மேசைக்கு, தோல் தரம் பிரிக்கும் வேலைக்கு, மாற்றினார்கள். அப்புறம் ஷாப்பையே மூடினார்கள்.

கையில் வந்த செட்டில்மென்ட்டோடு காசியும், கூட வேலை பார்த்த ரஃபி அகமதுவும் ஒரே பஸ்ஸில் ஏறி மெட்ராஸ் போனார்கள். பர்மா பஜாரில் இரண்டு வீடியோ கேம் பெட்டி இருந்தது. ஒன்று சேகா, ஒன்று சோனி.

செலக்‌ஷன் மேசையில் தோல் பார்க்கிறவன் கையைத்தான் நம்புவான். காசி கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தூக்கிப் பார்த்தான். சேகா நல்ல கனம். சோனி காலி டப்பா மாதிரி இருந்தது. கனமானதைத் தனக்கு வைத்துக்கொண்டு, லேசானதை ரஃபியின் தலையில் கட்டினான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தோஸ்துக்குத் துரோகம் செய்கிறோமோ என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

ஆறே மாதம். சோனிக்கு வாராவாரம் புதுப்புது சிடி வந்து இறங்கியது, எல்லாம் காப்பி அடித்த சரக்கு. சேகாவுக்கு சல்லடை போட்டுத் தேடினாலும் ஒன்றுகூட அகப்படவில்லை. ஜப்பானில் இரண்டு கம்பெனிக்காரர்கள் அடித்துக்கொண்டது, ஆம்பூரில் காசியின் தலையில் வந்து விடிந்தது.

எதிரே ரஃபி போட்ட கடையில் நிற்க இடமில்லை. ரஃபியே ஒருநாள் வந்து கேட்டான்.

"காசிண்ணா, கூட்டத்த என்னால சமாளிக்க முடியல. உன் பொட்டிய குடு. வெள்ளிக்கிழமை கடை லீவுதான, மெட்ராஸ் போய் சோனியா மாத்தி எத்துனு வர்றேன். ரெண்டு பேரும் பொழச்சிக்கலாம்."

"பிச்ச போட வந்துட்டியா? போடா," என்றான் காசி.

போன ரம்ஜானிலிருந்து பேச்சில்லை.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. இன்று காலைகூட அமிர்தவள்ளி ஆரம்பித்துவிட்டாள். "அந்தப் பொட்டிய பாலாத்துல கடாசு. உன் சேகாவ நாய்கூட மோந்து பாக்கல."

காசி சிரித்துக்கொண்டான். அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். கோபியும் அதே கம்பெனிதான். அவள் பக்கத்து மிஷின்காரனே ஞாயிறானால் இங்கே கிடக்கிறான் என்பது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது!

மேஸ்திரி டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

காசி கோபியின் கைகளைப் பார்த்தான். பழக்கம், கை வேலை செய்தால் அவன் கண் அங்கேதான் போகும்.

ஜாய்ஸ்டிக்கின் மேல் விளிம்பில் கோபியின் ஆள்காட்டி விரல் சரியாக அழுத்தியது. அதற்குக் கீழே நடுவிரலும் அழுத்தியது. அங்கே பொத்தான் இல்லை. வெறும் பிளாஸ்டிக்.

மறுபடியும் அழுத்தியது. இரண்டு கையிலும்.

சேகாவில் மேலே பக்கத்துக்கு ஒரு பொத்தான். சோனியில்தான் இரண்டு. ரஃபியின் கடையைப் பற்றி ஊரே பேசியதில் காசிக்கு அதெல்லாம் மனப்பாடம்.

"டேய், நீ எதிர்க் கடையிலதான ஆடற?"

"ஐயே, இல்லண்ணா."

"வெரலு சொல்லுதுடா."

கோபி ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தான். டிவியில் எதிர் டீம் பந்தை எடுத்துக்கொண்டு போனது.

"தெனம் அங்கதாண்ணா. ஞாயித்துக்கெழம மட்டும் இங்க. அண்ணிதான் காசு குடுத்து அனுப்புது, மூணு பேருக்கும். மூஞ்ச தூக்கி வெச்சிக்காதீங்கடா, சிரிச்சிக்கினே ஆடுங்கன்னு வேற சொல்லுச்சி."

"எதுக்காம்?"

கோபி வெளியே பெஞ்சைப் பார்த்தான். குரலை இறக்கினான்.

"கடைய மூடிட்டா நீ குழிக்கு போய்டுவியாம்."

டிவியில் கோல் விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னா காசி, டீ ஆயிடிச்சி," என்றார் மேஸ்திரி.

காசி வாசலுக்கு வந்தான். நெஞ்சை நிமிர்த்திச் சொல்லத் தயாராக வைத்திருந்த பதில்தான். மெதுவாக வந்தது.

"வரல மேஸ்திரி. வேற ஆள பாருங்க."

மேஸ்திரி கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். டிவிஎஸ் ஃபிப்டியை மிதித்துக்கொண்டு போனார்.

காசி உள்ளே போய் வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"ண்ணா, ஆட்டம் பாதில கீது!"

"கெடக்கட்டும். இதெல்லாம் எனக்கு தெரியும்னு அண்ணிகிட்ட சொல்லி வைக்காத. வாய மூடிக்கினு இரு."

பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தான். சைக்கிள்காரன் ஒருத்தன் திட்டிக்கொண்டே ஒதுங்கினான்.

எதிர்க் கடையில் சத்தம் அடங்கியது. எல்லாத் தலையும் திரும்பியது. ரஃபி எழுந்து நின்றான்.

"பாய், வர்ற வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போறியா?"

ரஃபி பெட்டியைப் பார்த்தான். காசியின் முகத்தைப் பார்த்தான்.

"போறதா இல்ல," என்றான்.

பிறகு கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, "போறேண்ணா," என்றான்.