கேமை விட நல்ல நேரம்

"இவர் இண்டைக்கு விட்டாரெண்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரு உயிர் போறது நிச்சயம்" என்றார் சாத்திரியார்.

"ஐயோ, எங்கடை வீட்டு மனிசனுக்குப் பிறசர் வருத்தம் வேறை!" என்று பத்மாவதி தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மகன் பிரவீணன் கதிரை நுனிக்கு வந்தான்.

விடவேண்டியது சிகரெட்டோ சாராயமோ அல்ல. போனில் நாலு பேர் குழுவாகச் சேர்ந்து சுட்டு விளையாடுகிற கேம். அதை விடுவதற்கு நாள் பார்க்கத்தான் தாயும் மகனும் சுன்னாகத்தில் இருந்து சாத்திரியார் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வெங்காயம் நட, கிணறு இறைக்க, ஏன், பல்லுப் பிடுங்கக்கூட நாள் பார்க்கிற குடும்பம். இதற்கு மட்டும் பாராமல் விடுமா?

எல்லாம் உதயகலாவால் வந்தது. பிரவீணனுக்கும் அவளுக்கும் கலியாணமாகி இன்னும் வருசம் திரும்பவில்லை. அவளின் தங்கச்சி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில், படமெடுக்க மேடைக்கு வரச்சொல்லி மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பின்வரிசையில் போனும் கையுமாக இருந்த மாப்பிள்ளை, "சுடுறாங்கள்! படு, படு!" என்று கத்தினான்.

சண்டைக் காலத்துப் பழக்கம் லேசில் போகுமா? மண்டபத்தில் இருந்த வயசாளிகள் அத்தனை பேரும் கதிரைக்குக் கீழே படுத்துவிட்டார்கள். மானம் போன உதயகலா அச்சுவேலியில் தாய் வீட்டிலேயே நின்றுவிட்டாள். கேமை விட்டால்தான் வருவேன் என்று சொல்லியும் விட்டாள்.

"எனக்கு அவள் வந்தாக் காணும் ஐயா. நான் இண்டைக்கே விடுறன்" என்றான் பிரவீணன். அழுதுவிடுவான் போல இருந்தது.

"அந்தரப்படாதையும் தம்பி. நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லேல்லை."

அது உண்மைதான். சாத்திரியார், பிரவீணன் பிறந்த நேரம், நட்சத்திரம், கலியாணம் நடந்த நாள் எல்லாம் திரும்பவும் துருவித் துருவிக் கேட்டிருந்தார். பேர் எண்ணும் பார்க்க வேண்டும் என்று, கேமில் வைத்திருக்கிற பேரைக்கூட விடவில்லை. "அச்சுவேலி மருமோன்" என்று பிரவீணன் வெட்கத்தோடு சொல்ல, விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இந்த உயிர் போகிற பலனைச் சொன்னார்.

"அப்ப எப்ப ஐயா விடலாம்?" என்று பத்மாவதி கேட்டார்.

"ஞாயிறு பொழுதுபட்டாப் பிறகு விடலாம். அதுவரைக்கும் ஒரு நாளும் விடாமல் விளையாடோணும்."

"விளையாடச் சொல்லுறியளோ?"

"ஓம். கொஞ்சம் கூட விளையாடினாலும் பிழையில்லை. இடையிலை விட்டாத்தான் கிரகம் கோவிக்கும்."

அந்தப் போனை அடுப்புக்குள் வைப்பேன் என்று வருசக்கணக்காய்க் கத்தித் தொண்டை வறண்ட தாய், மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியே மோனை? ஐயா சொன்னபடி, வேறை யோசினை இல்லாமல் வடிவா விளையாடு."

வெற்றிலையில் வைத்து நீட்டிய காசைச் சாத்திரியார் தொடவும் இல்லை. "வேண்டாம் பிள்ளை. பொடியன் நல்லா இருந்தாக் காணும்" என்று தள்ளிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிசனா என்று பத்மாவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

விறாந்தைக்கு வந்ததும் பிரவீணன் உதயகலாவுக்குப் போன் எடுத்தான்.

"கலா, விடுறன். ஞாயிறு பொழுதுபட விடுறன்."

"அதென்ன கணக்கு ஞாயிறு? விடுறதுக்கும் நாள் பார்த்தனீங்களோ?"

"அம்மாதான்..."

"உந்தச் சாத்திரியார்தானே எங்களுக்கும் பொருத்தம் பார்த்தவர்? பத்துக்குப் பத்தும் பொருத்தம் எண்டவர். உந்தக் கேம் அவரின்ரை கண்ணிலை அம்பிடேல்லையோ?"

குரல் உள்ளே கேட்காதபடி பிரவீணன் போனைக் காதோடு அழுத்தினான்.

"இஞ்சை பாருங்கோ, நான் உடுப்பெல்லாம் அடுக்கி வைச்சிட்டன். இப்ப விட்டா, பின்னேர பஸ்ஸிலை வாறன். ஞாயிறு எண்டா, உந்தக் கேமோடையே குடும்பம் நடத்துங்கோ." போனை வைத்துவிட்டாள்.

பிரவீணன் கேமைத் திறந்தான்.

"வேண்டாமடா மோனை! உன்ரை அப்பாவை ஒருக்கா நினைச்சுப் பார்!" என்று பத்மாவதி கையைப் பிடித்தார்.

"அப்பாவுக்கு ஒண்டும் வராதம்மா. கலா வராட்டி எனக்குத்தான் விசர் பிடிக்கும்."

பிறந்ததில் இருந்து நாள் பாராமல் அவன் செய்த முதல் காரியம் அதுதான். 'மன்னிச்சுக் கொள்ளுங்கோ. நான் இப்பவே விலகிறன். இனி வரமாட்டன்' என்று தன் குழுவுக்கு எழுதி அனுப்பினான். அடுத்த நிமிடமே கேமைப் போனில் இருந்து அழித்தான். மனதுக்குள் பெரிய நிம்மதி.

உள்ளே கதிரை விழுந்த சத்தம் கேட்டது. சால்வை நிலத்தில் இழுபட, கையில் போனோடு சாத்திரியார் விறாந்தைக்கு ஓடிவந்தார்.

"டேய் தம்பி, நீ இல்லாட்டி ஞாயிறு பைனலிலை என்னைச் சுட்டுப்போடுவாங்களடா!"