கேமராவை மறைத்தவள்

"நகரு! கேமராவை மறைக்காதே!"

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் ஆபரேஷன் தியேட்டரே வெலவெலத்துப் போனது. நர்ஸ் மட்டும் நகரவில்லை.

மேஜையில், மூட்டு மாற்ற வந்திருந்த தையல்காரம்மாவின் வலது முழங்கால் திறந்து கிடந்தது. தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழ் எலும்பிலும் உலோக முள் அடித்து மாட்டிய பளபளப்பான பந்துகளைக் கேமரா பார்க்க வேண்டும். பார்த்தால்தான் எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று கம்ப்யூட்டர் சொல்லும். நடுவில் ஆள் நின்றால் திரை காலி.

இப்போது காலியாகத்தான் இருந்தது. டாக்டர் கையில் ரம்பம் தயார்.

"மரமாட்டம் நிக்கிறே? கால் கோணலாப் போனா நீயா பதில் சொல்லுவே?"

"சாரி சார்." அப்போதும் ஆற அமரத்தான் ஒதுங்கினாள். திமிர் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"வெளியே போ! இனிமே என் தியேட்டர் பக்கமே வராதே!"

போய்விட்டாள். டாக்டர் ரம்பத்தை எலும்பருகே கொண்டு போனார்.

கம்ப்யூட்டரைக் கவனிப்பவர் குறுக்கிட்டார். "சார்... சிக்னல் அறுந்தா, வெட்டறதுக்கு முன்னாடி சரிபார்க்கணும்னு நீங்கதான் சட்டம் போட்டிருக்கீங்க."

"தெரியும்யா!"

பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்பில் முதலில் குறித்த புள்ளியைக் கருவியால் தொட்டார். திரையில் அது எங்கோ தள்ளி நின்றது.

முள் தளர்ந்திருந்தது. அப்படியே வெட்டியிருந்தால் தையல்காரம்மா ஆயுசுக்கும் நொண்டியிருப்பார்.

டாக்டர் ரம்பத்தைக் கீழே வைத்தார். முள்ளை மாற்றினார். புள்ளிகளை முதலிலிருந்து குறித்தார். வெட்டி, புது மூட்டைப் பொருத்தினார். கால் நேராக நின்றது.

கை கழுவும் இடத்தில் அவள் சுவரோரமாக நின்றிருந்தாள்.

"முள் ஆடினதை நீ பார்த்தியா?"

"உங்க முழங்கை இடிச்சுது சார். பார்த்தேன்."

"அப்ப வேணும்னேதான் மறைச்சே! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? என்கிட்ட அவ்வளவு பயமா?"

"பயமெல்லாம் இல்ல சார். அந்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப் போயிருந்துது. மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் முழிச்சுக்கிட்டு, நாம பேசின ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. டாக்டரே இடிச்சுட்டார்னு சொல்லியிருந்தா, அப்புறம் அவங்க எந்த தைரியத்துல சார் உங்ககிட்ட காலைக் கொடுத்துட்டுப் படுத்திருப்பாங்க?"