மார்லிஸின் முதல் கார்டு

"வருஷக் கட்டணம் கேக்குற கார்டு பக்கமே தலைவச்சுப் படுக்காதே. விமானத்துல ஓசிப் பயணம், ஓட்டல்ல ஓசி ரூம்னு ஆசை காட்டுவான். நாம எங்க பறக்கப் போறோம்?" லைல் ஹவுகன் மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு சொன்னார்.

"சரி வாத்தியாரே," என்றாள் மார்லிஸ், கேரட் சீவிக்கொண்டே. அறுபத்தாறு வயது மனைவிக்கு முதல் கிரெடிட் கார்டு வாங்கித் தருவதற்காக, காலையிலிருந்து சமையலறை மேஜையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார் மனிதர். "இப்ப என்ன அவசரம்? என் பர்ஸ்லதான் ஒண்ணு இருக்கே?"

"அது என் கணக்குல உனக்குக் கொடுத்த துணைக் கார்டு. உன் பேர்ல தனியா ஒண்ணு இருந்தா பெட்ரோலுக்குத் தள்ளுபடி உண்டு."

பெட்ரோல் என்றது சும்மா. இருமல் என்று டூலூத் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன லைலின் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்து, ஏரியில் பனி உருகும்வரை தாங்கினாலே பெரிது என்று சொல்லிவிட்டார்கள். மார்லிஸிடம் அவர் மூச்சு விடவில்லை. ஆணி வாங்கப் போனதாகச் சொல்லி வைத்திருந்தார்.

சாவைவிட அவரைப் பயமுறுத்தியது பக்கத்து வீட்டு பெவர்லியின் கதி. கணவர் போன சில நாளிலேயே, கடையில் பாலும் ரொட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு நின்ற பெவர்லியின் கார்டு செல்லாமல் போனது. கணக்குக்காரர் செத்தால் துணைக் கார்டும் கூடவே செத்துவிடும். வரிசையில் நின்றவர்கள் பார்க்க அந்த அம்மாள் அழுதது லைலின் கண்ணை விட்டுப் போகவில்லை.

மார்லிஸுக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது. கார்டு அவள் கைக்கு வந்த அன்றே உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் கெடு வைத்திருந்தார்.

அவள் பணம் காசு விவரம் அறியாதவள் என்பது அவருடைய நாற்பது வருட நம்பிக்கை. மாதாமாதம் பில் வந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்பார்: "இந்தக் கடையில பதினெட்டு டாலருக்கு என்ன வாங்கினே?" அவளும் நூல்கண்டு, சோப்பு என்று நின்றபடியே பதில் சொல்வாள். லைல் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருந்தார்.

"இப்பப் பரீட்சை," என்றார். "பில்லுல, 'இப்போதைக்குக் கொஞ்சம் கட்டினாப் போதும்'னு போட்டிருப்பான். என்ன பண்ணுவே?"

"மொத்தத்தையும் கட்டுவேன். கொஞ்சமாக் கட்டினா மிச்சத்துக்கு வட்டி குட்டி போடும்ல? பேங்க்லேர்ந்து தானாவே கழியற மாதிரி போட்டு வெச்சுட்டா மறந்துபோற பேச்சே இல்ல."

லைல் வாயைப் பிளந்தார். அவர் இன்னமும் செக் எழுதித் தபாலில் போடுகிற ஆசாமி. "அடேயப்பா! இதை எங்க கத்துக்கிட்டே?"

"எங்கயோ காதுல விழுந்துச்சு," என்றபடி கேரட்டைப் பாத்திரத்தில் போட்டாள்.

பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்று, அவள் முதுகைப் பார்த்தபடி உள்ளுக்குள் அழுதார்.

"விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி, உன் பேர்ல என்ன கடன், என்ன கார்டு இருக்குன்னு கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு தடவை பார்த்துடுவோம்," என்றார். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்காத ஊரில் கார்டுக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

மார்லிஸின் கை நின்றது. "அதெல்லாம் எதுக்கு லைல்? இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"ரெண்டு நிமிஷ வேலை."

விவரங்களைத் தட்டினார், பக்கம் திறந்தது. ஒரு கார்டு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று அவர் கொடுத்த துணைக் கார்டு. மற்றது மார்லிஸின் சொந்தப் பெயரில், இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கியது.

"திருட்டுப் பய! உன் பேரைத் திருடி எவனோ கார்டு வாங்கியிருக்கான் பாரு!"

மாதம் தவறாமல் பாக்கியில்லாமல் பணம் கட்டுகிற திருடன் உலகத்தில் உண்டா என்று யோசிக்க அவருக்கு நிதானமில்லை. இருமல் வந்து ஆளையே குலுக்கியது. "நான் இருக்கும்போதே இந்த ஆட்டம் ஆடுறானுங்கன்னா, நான் இல்லேன்னா உன்னை என்ன பாடு படுத்துவானுங்க! இரு, பேங்குக்குப் போனைப் போடறேன். போலீசுக்கும் சொல்லணும்."

போனை எடுத்தார். மார்லிஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"திருடன் யாரும் இல்ல லைல். நான்தான் வாங்கினேன்."

"நீயா? எதுக்கு?"

"உன்னை விட்டுப் போறதுக்கு."